நரிகள் கிண்ணம் எடுக்குமா?

"உந்த நரிகள் கிண்ணம் எடுக்குமெண்டால், நான் என்ர மீசையை எடுக்கிறன்!" என்றார் ஞானப்பிரகாசம்.

றொனால்டுக்குத் தேநீர் புரையேறியது. நரிகள் என்பது அவன் உயிரை விடும் ஐஸ் ஹொக்கி அணி. ஐஸ் என்றால் சர்பத்துக்குள் போடுவது என்று நினைத்து வளர்ந்த சனத்தில், அந்த அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற ஒரே தமிழன் அவன்தான். அவன் கத்தி நரிகள் வென்றதாகச் சரித்திரம் இல்லை. அது வேறு விஷயம்.

ஆனால் 2004 ஜனவரியின் அந்தக் கடைசிச் சனிக்கிழமை, ஜெர்மனியின் ஹம் நகரத்தில் ஞானப்பிரகாசத்தின் வீட்டுக்கு அவன் கத்த வரவில்லை. அவர் மகள் அன்னாவைப் பெண் கேட்டு வந்திருந்தான். "அப்பா என்ன சொன்னாலும் ஓம் எண்டு சொல்லு" என்று அன்னா வாசலிலேயே காதைக் கடித்திருந்தாள்.

அப்பாவைவிடப் பெரிய ஆபத்து எதிர்ச் சோபாவில் இருந்தது. அன்னாவின் பெரியப்பா அல்பேர்ட். பிராங்பேர்ட்டிலிருந்து ரயிலேறி வந்திருந்தார், ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக: ஊரிலை எவடம்?

யாழ்ப்பாணத்தார் இந்தக் கேள்வியைப் பூமிசாத்திரம் படிக்கக் கேட்பதில்லை. சாதி என்ற சொல் நாக்கில் படாமலேயே சாதியை அறிய அவர்கள் கண்டுபிடித்த கருவி அது. இங்கே எல்லாரும் ஒரே மாதாவின் முன்னால்தான் முழந்தாளிடுகிறார்கள். ஆனாலும் கருவி துருப்பிடிக்கவில்லை. றொனால்டின் பதில் அல்பேர்ட்டுக்குப் பிடிக்காது. அத்தோடு கலியாணப் பேச்சும் முடிந்துவிடும். பெரியவரின் சம்மதம் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு கதிரைகூட இடம் மாறியதில்லை.

அல்பேர்ட் தொண்டையைச் செருமினார். "தம்பி, நீர் ஊரிலை..."

"அண்ணை, ஒரு நிமிசம்," என்று ஞானப்பிரகாசம் குறுக்கே விழுந்தார். "டீமுகளுக்கு ஆளை விக்க, ஆளை வாங்க இண்டைக்குத்தான் கடைசி நாள். நான் மனேஜரா இருந்தால் அந்தக் கனடாக்காரனை இப்பவே வித்துப்போடுவன். என்ன தம்பி?"

கனடாக்காரனையா! அணியில் கோல் அடிக்கத் தெரிந்ததே அவன் ஒருவனுக்குத்தான். றொனால்ட் அன்னாவைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே 'ஓம்' என்றாள்.

"ஓ... ஓம் அங்கிள். விக்கலாம்." சொல்லும்போதே யாரையோ புதைத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

"என்ன, விக்கலாமோ?" ஞானப்பிரகாசம் துள்ளினார். "அவனை வித்தால் ஆர் கோல் அடிக்கிறது? நீரோ? மூண்டாவதா நிக்கிற டீம் காணும். கிண்ணம் எடுக்கவெண்டே பிறந்த டீம்!"

ரோல்ஸ் தட்டோடு வந்த அவர் மனைவி பிளோறன்ஸ் நின்றுவிட்டாள். "இப்பதானே மீசையை எடுக்கிறன் எண்டனீங்கள்? நானும் சந்தோசப்பட்டுப் போனன்."

றொனால்டால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"அங்கிள், மூண்டாவது எண்டது பேருக்குத்தான். இவ்வளவு நாளும் வெண்டதெல்லாம் நோஞ்சான் டீமுகளை. மேலை நிக்கிற ரெண்டு பேரோடையும் விளையாடேக்கை எங்கட பின்வரிசை சந்தை மாதிரித் திறந்து கிடக்கும். இண்டைக்குள்ளை ஒரு நல்ல தடுப்பாட்டக்காரனை எடுத்தால்தான் கிண்ணத்தைப் பற்றிக் கதைக்கலாம்."

அன்னா நெற்றியில் கை வைத்தாள்.

"அது கிடக்கட்டும்," என்றார் அல்பேர்ட். "தம்பி, உம்மட அப்பா, அம்மா ஊரிலை..."

"ஒருத்தனையும் எடுக்கத் தேவையில்லை!" ஞானப்பிரகாசம் மேசையில் அடித்தார். "கோல் விடாமல் காக்கிற அந்தக் கோலி ஒருத்தன் போதும்."

"கோலியோ? போன வெள்ளிக்கிழமை அவர் தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கேக்கை ஒரு கோல் போனது, தெரியுமோ?"

"அப்ப அவனையும் வித்துப்போடும்!"

"ஆர் அங்கிள் வாங்குவினம்?"

ரோல்ஸ் ஆறியது. பெண் கேட்டு வந்தவன் கம்பளத்தில் முழந்தாளிட்டு, தேநீர்க் கோப்பைகளை நரிகளாக நிறுத்தி, ஓட்டை எங்கே என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தான். ஞானப்பிரகாசம் அவன் ஓம் என்றால் இல்லை என்றார். இல்லை என்றால் ஓம் என்றார். அல்பேர்ட் வாய் திறந்த போதெல்லாம் யாராவது ஒரு நரி விற்கப்பட்டது.

கடைசியில் அல்பேர்ட் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு எழுந்தார். விமான நிலையத்தில் அவருக்கு இரவு வேலை. ரயிலை விட முடியாது.

"ஞானம், போதும்!" என்று காதைப் பொத்தினார். "மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே விசர். இப்பிடி ரெண்டு விசரரைப் பிரிச்சால் மாதாவே என்னை மன்னிக்க மாட்டா. கட்டி வை. கோவிலிலை நாளைக் குறிச்சுப்போட்டு எனக்குச் சொல்லு."

அல்பேர்ட் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். அன்னா குசினிக்குள் ஓடிப்போய்த் தாயைக் கட்டிப்பிடித்தாள்.

பெரியவரை ரயிலேற்ற இரண்டு ஆண்களும் போனார்கள். ரயில் நகர்ந்ததும் றொனால்ட் மெதுவாகச் சொன்னான்: "குறை நினையாதேங்கோ அங்கிள். முதல் நாளே உங்களோட வாதாடிப்போட்டன். பெரியப்பா என்னவோ கேக்க வந்தவர். அதுக்கும் இடம் குடுக்கேல்லை."

"இந்த நாட்டுக்கு வந்து இறங்கேக்கை எனக்குச் சோறு போட்டவர் அண்ணை," ஞானப்பிரகாசம் ரயிலைப் பார்த்துக் கையசைத்தபடியே சொன்னார். "அவரை எதிர்த்து ஒரு சொல் கதைக்க எனக்கு ஏலாது. அவரைக் கதைக்க விடாமல் வைச்சிருக்கத்தான் ஏலும்."

றொனால்ட் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான்.

ஞானப்பிரகாசம் அவன் தோளில் கை போட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அது சரி தம்பி, காலமை பேப்பரிலை பாத்ததை வைச்சுத்தான் இவ்வளவும் கதைச்சனான். உந்த ஹொக்கியிலை ஒரு பக்கத்துக்கு எத்தினை பேர் விளையாடுறவை?"