ஆறு வினாடிக்கு ஒரு முகம்

மனித குலத்தில் பிரிவு என்பது இத்துடன் ஒழிந்தது என்று நெல்வின் அறிவித்தபோது, நல்லவேளையாகச் சத்துவாச்சாரியில் கரண்ட் இருந்தது.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்று கழித்துப்போட்ட இரண்டு கம்ப்யூட்டர், இலவச லினக்ஸ், பர்மா பஜார் கேமரா. புரட்சி அவ்வளவுதான். பெட்டியைத் திறந்தால் இன்னும் தோல் வாடை அடிக்கும். படம் ஆறு வினாடிக்கு ஒருமுறைதான் மாறும். ஆனாலும் மஸ்கட் தெரியும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேவகிருபை டீச்சர் மகளைப் பார்த்துப் பேச நேராக நெல்வினுடைய பிரவுசிங் சென்டருக்கு வருவார். அக்சா மஸ்கட்டில் நர்ஸ். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம். அதுவரை பாஸ்போர்ட் அவள் கையில் கிடையாது.

பேசக் கிடைக்கும் அரை மணி நேரத்தில் பத்து நிமிடம் டீச்சர் கண்ணை மூடி ஜெபம் செய்வார். நெல்வினைப் பொறுத்தவரை அது விஞ்ஞானத்துக்கே நேர்ந்த அவமானம்.

“கண்ண மூடிக்கறதுக்கு எதுக்கு டீச்சர் கேமரா? ஐஎஸ்டி பூத்தே போதுமே.”

டீச்சர் போன பிறகு கண் மூடிய அந்த முகத்தை அப்படியே செய்து காட்டுவான். சென்டரே சிரிக்கும்.

அன்று கேமரா ஒயர் லூசாகிவிட்டது. அதை அழுத்திப் பிடித்தபடி, கேமராவில் விழாமல் டீச்சர் பக்கத்தில் குந்தியிருந்தான்.

அக்சா சிரித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கண்ணை மூடினார்.

அடுத்த படத்தில் சிரிப்பு இல்லை.

அதற்கடுத்ததில் மைக்கைக் கையால் பொத்தியிருந்தாள். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

அடுத்ததில் முகம் கிட்டே வந்திருந்தது. அதற்கும் அடுத்ததில் இன்னும் கிட்டே. அவள் நகர்வது தெரியவில்லை. நகர்ந்திருந்தது மட்டும் தெரிந்தது. கடைசியில் திரை முழுக்க ஒரு நெற்றி.

“ஆமென்,” என்றார் டீச்சர்.

அடுத்த படத்தில் அக்சா சிரித்தாள்.

லைன் போனதும் நெல்வின் எழுந்தான். “டீச்சர், நீங்க கண்ண மூடினப்ப அக்கா...”

“தெரியும்பா.” டீச்சர் பைபிளைப் பைக்குள் வைத்தார். “நான் பாத்துட்டு இருந்தா அவ அழ மாட்டா.”

அடுத்த ஞாயிறும் புது ஒயர் வந்து சேரவில்லை. நெல்வின் அதே இடத்தில் குந்தினான். டீச்சர் ஜெபத்தைத் தொடங்கினார். அக்சாவின் கை மைக்கை நோக்கிப் பாதி வந்திருந்தது.

நெல்வின் ஒயரை விடாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

ஆறு வரை எண்ணாமல் இருக்கப் பார்த்தான்.