கேள்விகளால் கட்டிய ஊர்
டுலுத் நகரத்து வீடொன்றின் நிலவறை. பிற்பகலிலேயே வெளிச்சம் மங்குகிறது. ஜன்னலைப் பாதிவரை பனி மூடியிருக்கிறது. மேசையில் பகடைகள், ஆறிப்போன பீட்சா, இன்னும் எதுவும் வரையாத ஊர்ப்படம். கதை விளையாட்டை நடத்தும் லீலண்ட் எதையும் தானாகப் புனைவதில்லை, கேள்வி மட்டும் கேட்கிறான். ஆடுபவர்கள் சொல்லும் பதில் அந்த ஊரில் உண்மையாகிவிடும். பிறகு மாற்ற முடியாது. "மாரிட், உன் வீராங்கனை யார் கூப்பிட்டா யோசிக்காம ஓடுவா?" ஐந்து வருடமாக அதே பாத்திரத்தை ஆடிவரும் மாரிட், "செத்துப்போன தங்கச்சி கூப்பிட்டா" என்கிறாள். லீலண்ட் அடுத்தவன் பக்கம் திரும்புகிறான். "ஓடெல், இந்த ஊருக்கு ராத்திரி என்ன வரும்?" ஓடெல் வாய் நிறையச் சிரிக்கிறான். "செத்தவங்க குரல்ல பேசுற ஏதோ ஒண்ணு. கதவைத் திறந்தா ஆளு காலி."

"வாயைக் கழுவுடா, தடியா!" பீட்சா விளிம்பை எறிய ஓங்கிய மாரிட்டின் கை அப்படியே நிற்கிறது. இந்த விளையாட்டில் பாத்திரம் செத்தால் செத்ததுதான். லீலண்ட் கதவைத் தட்டுவதுபோல் விரல் முட்டியால் மேசையை மெல்லத் தட்டுகிறான். "அக்கா, குளிருது" என்கிறான் சின்னக் குரலில். ஓடெலின் சிரிப்பு நின்றுவிடுகிறது. "திறக்கிறியா?" என்று லீலண்ட் கேட்கிறான். மாரிட் தன் வீராங்கனையின் ஈயப் பொம்மையை எடுத்து உள்ளங்கையில் சற்று நேரம் மூடி வைத்திருக்கிறாள். "யோசிக்க மாட்டாள்னு நான்தானே சொன்னேன்," என்று அதை லீலண்ட் கதவாகத் தட்டிய இடத்துக்கு நகர்த்துகிறாள்.