எதிரே நின்றவர்

“சேர் வராமல் நான் கத்தி தொடமாட்டன், சிஸ்டர்.”

பயிற்சி மருத்துவர் சுரேகா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவடியில் ஒன்பது வயதுக் கம்சா தள்ளுகட்டிலில் முனகிக்கொண்டு கிடந்தாள். குடல்வால் வெடித்துவிட்டது. கொரோனாவும் இருந்தது.

“பொறுக்க நேரமில்லை டொக்டர். பிள்ளையின்ர வயிறு பலகை மாதிரிக் கிடக்கு,” என்றார் தாதி நாகேஸ்வரி.

“நான் ஒருநாளும் தனியச் செய்யேல்லை. உங்களுக்குத் தெரியும்தானே?”

அவருக்குத் தெரியும். கொரோனா வந்த பிறகு பயிற்சி மருத்துவர்களை உள்ளே விடுவதில்லை. ஆட்கள் குறைந்தால் தொற்றும் குறையும் என்று, சத்திரசிகிச்சை நிபுணர் ராஜரத்தினம் சேரே எல்லாவற்றையும் செய்தார். அவசரமில்லாதவை தள்ளிப் போடப்பட்டன. சுரேகா விடுதி அறையில் வாழைப்பழத் தோலைக் கீறித் தைத்துப் பழகினாள். வாழைப்பழத்தில் இரத்தம் வராது.

“டொக்டர்...”

கம்சாவின் தகப்பன் ஸ்ரீபன் சுவரோடு ஒட்டி நின்றார். முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்பவர். விரல்களில் செபமாலையைச் சுற்றியிருந்தார்.

“என்ர பிள்ளை தப்புவாளோ?”

“பெரிய டொக்டர் வந்து எனக்கு முன்னால நிண்டால் பயமில்லை, அண்ணை.” அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

நாகேஸ்வரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சேர் வவுனியாவிலையிருந்து வெளிக்கிட்டிட்டார். நீங்கள் போய்க் கையைக் கழுவுங்கோ.”

உள்ளே எல்லாருக்கும் ஒரே வெள்ளை உடுப்பு. தலை, முகம், கண் எல்லாம் மூடியிருக்கும். ஆளை அடையாளம் காண ஒவ்வொருவர் நெஞ்சிலும் கறுப்புப் பேனையால் பெயர் எழுதிவிடுவார் நாகேஸ்வரி. மயக்கமருந்து கொடுக்கும் மருத்துவர் பிளாஸ்டிக் திரைக்கு அப்பால் வெறும் நிழலாகத் தெரிந்தார்.

கம்சா மயங்கிய பின் கதவு திறந்தது. ‘ராஜரத்தினம்’ என்று எழுதிய உடுப்பு ஓசையில்லாமல் வந்து மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றது. கையுறை போட்ட கைகளை நெஞ்சோடு சேர்த்துக் கோத்துக்கொண்டது. கைகள் எதிலும் படாமலிருக்க சேர் எப்போதும் அப்படித்தான் நிற்பார்.

“வந்திட்டீங்களோ சேர்! நீங்களே செய்யுங்கோவன்.”

தலை மெதுவாக இல்லை என்று ஆடியது. பேச்சில்லை. கொரோனா நோயாளிக்கு முன்னால் தேவையில்லாமல் வாய் திறக்கக்கூடாது என்பது சேர் போட்ட சட்டம்.

கத்தி தோலில் இறங்கியபோது அந்த உருவம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியது. சுரேகா கத்தியை நிறுத்தினாள். ஏன் பார்க்கவில்லை? ஏதும் பிழையோ?

சீழ் பொங்கியது. ஒற்றி எடுத்தாள். விரலால் தேடினாள்.

“இதுதானே சேர்? கட்டிப்போட்டு வெட்டட்டோ?”

கனநேரம் அசைவில்லை. பிறகு ஒரே ஒரு தலையாட்டல். முகத்துக்கு முன்னாலிருந்த கண்ணாடித் தகடு ஆவி படிந்து வெளுத்திருந்தது. அதற்குப் பின்னால் கண்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. மூச்சு மட்டும் கடலிரைச்சல் மாதிரி வந்து வந்து போனது.

ஆனாலும் எதிரே ஆள் நின்றது. அவள் கட்டிப்போட்டு, வெட்டி எடுத்தாள்.

“வடிவாச் செய்திட்டீங்கள்,” என்றார் நாகேஸ்வரி, கடைசித் தையல் முடிந்ததும்.

உருவம் நகர்ந்துபோய்ப் பிள்ளையின் தலைமாட்டில் நின்றுகொண்டது.

வெளியே வந்து உடுப்பைக் கழற்றியபோது சுரேகாவின் தொலைபேசி அடித்தது.

“பிள்ளை, ராஜரத்தினம் கதைக்கிறன். அந்தச் சின்னப்பிள்ளைக்கு என்ன மாதிரி?”

“சேர்... நீங்கள் உள்ளுக்கெல்லோ நிக்கிறீங்கள்?”

“என்ன விசர்க்கதை? என்னைப் புளியங்குளத்திலை மறிச்சு டெஸ்ட் பண்ணினவை. எனக்கும் கொரோனாவாம். இஞ்சதான், தொற்று வந்த ஆக்களை வச்சிருக்கிற ஒரு பள்ளிக்கூடத்திலை படுத்துக் கிடக்கிறன். சிஸ்டருக்கு அப்பவே சொன்னனானே!”

சுரேகா திரும்பிப் பார்த்தாள். கதவுக் கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெயர் இன்னும் அசையாமல் நின்றது.

“சிஸ்டர்... அது ஆர்?”

“சேர் முன்னால நிக்காமல் கத்தி தொடமாட்டன் எண்டு நிண்டீங்கள்,” நாகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டார். “உள்ளுக்கு வரத் துணிஞ்சது அந்த ஒராள்தான்.”

உள்ளே, அந்த உருவம் அவ்வளவு நேரமும் கோத்திருந்த கைகளைப் பிரித்துக் கையுறைகளை உரித்தது; விரல்களில் செபமாலை இறுகிக் கிடந்தது.