கையைத் தூக்கிய ரசிகர்கள்

"எல்லாம் வேலையத்தவன் வேலைம்மா. சாப்பிட்ட தட்டைப் போட்டோ எடுத்துப் போடறான், அதுக்கு நாலு பேரு ஆஹா ஓஹோங்கறான். இந்தக் கூட்டத்துல போய் நான் பேசறதா?" என்றார் மேனேஜர்.

அவர் ஓய்வு பெற்று ரொம்ப நாளாகிவிட்டது. பட்டம்தான் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஊழியர்களுக்கு நேரம் தவறாமை, தோற்றப் பொலிவு என்றெல்லாம் வகுப்பெடுத்தவர். இப்போது கேட்க நாதியில்லை. போன மாதம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அவர் முன்னுரையைத் தாண்டுவதற்குள் செயலாளர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். அதிலிருந்து மனுஷனுக்குச் சாப்பாடே சரியாக இறங்கவில்லை.

"ஃபேஸ்புக் லைவ்ல உங்க மைக்கை எவனும் பிடுங்க முடியாதுப்பா," என்ற மகள், போனைப் புத்தகங்களின் மேல் சாய்த்து வைத்தாள். "இங்க பாருங்க. இது கேமரா, இது..."

"தெரியும், தெரியும். முந்நூறு பேரைக் கட்டி மேய்ச்சவன் நான். நீ நிம்மதியா ஊருக்குக் கிளம்பு. ஒரு மாசம் பார்ப்பேன். ஒருத்தரும் சீந்தலைன்னா போனைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு, இனிமே எங்கேயும் பேசறதில்லைன்னு வாயை மூடிக்கறேன்."

பின்னால் அவருடைய புதுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "காலர்ல விலைச்சீட்டு தொங்குது, பிய்ச்சுட்டுப் போடுங்க. அன்னிக்குத் தோற்றப் பொலிவு வகுப்புக்கு அதோடயே போய் நின்னீங்களே!"

"இன்னும் அதை விடலையா நீ? வெளியில எங்கயாவது சொல்லித் தொலைக்காதே."

"நான் ஏன் வாயைத் திறக்கப் போறேன்?"

அவளும் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்தான். ஆனால் ஒரு வீட்டில் ஒருவர் வகுப்பெடுத்தால் போதாதா?

மறுநாள் மேனேஜர் தலைவாரி, பவுடர் பூசி, போன் முன் அமர்ந்தார். மூக்குக்கண்ணாடி போட்டால் வயசைக் காட்டிக்கொடுக்கும் என்று கழற்றி வைத்தார். மங்கலாகத் தெரிந்த பொத்தான்களில் இரண்டை அதிகாரத்தோடு அழுத்தினார். பின்னால் மனைவி துணி மடிக்க, அவர் நேரம் தவறாமையைப் பற்றி நேரம் போனது தெரியாமல் பேசினார்.

முடித்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பயந்து பயந்து பார்த்தார். பதினோரு பேர்! பரவாயில்லையே.

மறுநாள் நூறு. வாரக் கடைசியில் ஆயிரம்.

'கண்ணை எடுக்க முடியலை' என்று எழுதியிருந்தார் ஒருவர். 'வீடே வேலையைப் போட்டுட்டு உக்காந்து பார்த்தோம்' என்றார் இன்னொருவர். 'சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது' என்று ஒரு பெண். தன் பேச்சில் இப்படி ஒரு நகைச்சுவை ஓடுவது மேனேஜருக்கே அதுவரை தெரியாது.

கடல் தாண்டியும் ஆட்கள் சேர்ந்தார்கள். எங்கேயோ, யாரோ ஒருத்தி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து உட்காருகிறாள். உள்ளங்கை அகலக் கண்ணாடிச் சில்லுக்குள் இத்தனை ஜனமா! வேலையத்தவன் வேலை என்றோமே என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது. போனைத் தொடுமுன் கையைத் துடைத்துக்கொள்ளவே ஆரம்பித்தார்.

"பாரு, எல்லாரும் ரெண்டு கையையும் தூக்கற படமா அனுப்பறாங்க. சரணாகதி!" என்றார் மனைவியிடம்.

"நல்ல ஜனங்க," என்றாள் அவள், போர்வையை உதறியபடி.

மாதக் கடைசியில் மகள் வந்தாள்.

"நாப்பதாயிரம் பேரு! அந்தச் செயலாளர்கிட்ட கொண்டு போய்க் காட்டு," என்று போனை நீட்டினார்.

அவள் பார்த்தாள். ஒலியைக் கூட்டினாள். காதில் வைத்தாள். "அப்பா... சத்தமே வரலையே. தினமும் மைக்கை நீங்களே அணைச்சுட்டுப் பேசியிருக்கீங்க. இதோ, மைக் படத்துக்குக் குறுக்கே கோடு."

மேனேஜர் கண்ணாடியைத் தேடி மாட்டினார். கோடு இருந்தது. "அப்போ நான் பேசினது ஒரு வார்த்தைகூட... பின்னே இத்தனை பேரும் என்னத்தைக் கேட்டாங்க?"

மகள் திரையைக் கண்ணருகே கொண்டுபோய், அதில் அவர் தோளுக்குப் பின்னால் தெரிந்ததை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது. "அவங்க கேக்கவே இல்லைப்பா..."

அழைப்பு மணி அடித்தது.

வாசல் கொள்ளாத கூட்டம். கிழவர்கள், இளைஞர்கள், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். அவரைக் கண்டதும், அங்கே எல்லாருமாக இரு கைகளையும் தூக்கி விரல்களை அசைத்தார்கள். மேனேஜருக்குப் போன உயிர் திரும்பியது. மைக்காவது மண்ணாவது! தொண்டையைச் செருமினார். "அன்பு நெஞ்சங்களே..."

அன்பு நெஞ்சங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், இஸ்திரி மேசையருகே நின்றன. காது கேளாத பிள்ளைகளுக்கு ஆயுசெல்லாம் பாடம் சொன்ன அவர் மனைவியின் கைகள் மேலே எழுந்து, சுழன்று, தாழ்ந்து ஏதோ சொல்ல, கூடமே குலுங்கிச் சிரித்து, சத்தமில்லாத தன் கைதட்டலாக மறுபடி இரு கைகளையும் தூக்கி அசைத்தது.

மேனேஜர் கண்ணை எடுக்க முடியாமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றபோது, குழந்தையோடு வந்த பெண் அவரிடம் திரும்பி, அவர் காலரில் தொங்காத விலைச்சீட்டைப் பிய்ப்பதுபோல் ஜாடை காட்டிவிட்டு, கையைத் தூக்கி அசைத்தாள்.