இரைகிற மெஷின்

"வாவியைச் சுத்தி நடந்தால் மூண்டு இடத்தில ஆமிக்காரர் மறிச்சு அடையாள அட்டை கேக்கிறாங்கள். நான் வீட்டிலயே நீந்துறன்," என்றார் இராஜரத்தினம்.

சீனி வியாதிக்குத் தினமும் அரை மணி நேரம் உடற்பயிற்சி வேண்டும் என்பது டொக்டரின் கண்டிப்பு. வீட்டு நீச்சல் குளமோ நாலு தரம் கை வீசினால் முடிந்துவிடும். நின்ற இடத்திலேயே நீந்த, எதிர்நீரோட்டம் தரும் மெஷின் பார்க்க மனைவி லீலாதேவியோடு கடைக்குப் போனார்.

"இதை எடுங்க சேர். ஓடுறதே தெரியாது," என்றார் விற்பனையாளர் சுவக்கின்.

"மற்றது?"

"அது லொறி மாதிரி இரையும். யாரும் வாங்க மாட்டாங்க."

"அதைத் தாரும்."

ஹெலிகொப்டர் சத்தத்துக்கே காதைப் பொத்துகிற மனிதர். லீலாதேவிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஒரு மாதமாகப் பின்னேரங்களில் மெஷின் இரைந்தது. குசினியில் சமைத்தபடி அதைக் கேட்டு அவள் பெருமைப்பட்டாள். சீனி மட்டும் இறங்கவில்லை.

அன்று, மின்வெட்டுக்கு அறிவித்த நேரத்துக்கு முன்பே மின்சாரம் நின்றது. இரைச்சல் அடங்கிய அமைதியில், குளத்தடியிலிருந்து 'கறுக், கறுக்' என்று கேட்டது. எட்டிப் பார்த்தாள். அவர் தோளில் நனையாத துவாய், மடியில் பாதி காலியான முறுக்கு டின்.

"இஞ்சாருங்கோ," என்றாள் லீலாதேவி, "இண்டைக்கு இன்னும் எத்தனை முறுக்கு நீந்த வேணும்?"