எட்டு நொடி

ஸ்கேனைப் படித்து அறிக்கை எழுதுவது இயந்திரம். டாக்டர் குழலி எட்டு நொடிக்குள் ‘சரி’ என்று அழுத்தவேண்டும். தாமதித்தால் திரை சிவக்கும். இந்த விதியைப் போட்டு மாநாட்டுக்கு மாநாடு பெருமை பேசியவர் மருத்துவமனை இயக்குநர் இளம்பரிதி. ஒரு ஸ்கேனை இருபது நொடி பார்த்த குற்றத்துக்காக நேற்றுதான் குழலியை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டியிருந்தார்.

இன்று அவரே ஒரு ஸ்கேனோடு வந்து கதவைச் சாத்தினார்.

“என் வொய்ஃபோடது. இதை மட்டும் நீங்களே நிதானமா பாருங்கம்மா. மெஷின் வேணாம்.”

குழலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இயந்திரத்தை அணைத்தாள்.

“பாக்குறேன் சார். மேடத்துக்கு முன்னால வரிசையில நாப்பத்தோரு பேர் இருக்காங்க. அவங்க ஸ்கேனையும் நிதானமாத்தான் பாப்பேன். வெளியே போய் உக்காருங்க.”