அண்ணாச்சி போட்ட நாற்காலி

மாசமாக இருப்பதை ஜெசிந்தா சொன்னபோது முதலாளி அண்ணாச்சி முகங்கொடுத்துப் பேசவில்லை. "யோசிப்போம், போ" என்றார். மறுநாள் காலையில் பட்டுப் பிரிவில், அவள் நிற்கும் இடத்தில், ஒரு சிவப்பு நாற்காலி கிடந்தது. அந்த ஜவுளிக்கடையில் வேலைக்கு நிற்கிற பெண்கள் ஷட்டரை ஏற்றியதிலிருந்து இறக்கும்வரை நின்றேதான் ஆகவேண்டும். சுவரில் சாய்ந்தாலே திட்டு விழும். ஜெசிந்தா மேலே பார்த்தாள். நேற்றுவரை வாசலைப் பார்த்திருந்த கேமரா இப்போது நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்துப் பிரிவு பேச்சியம்மாள் கலைந்த சேலையை மடிக்கிற சாக்கில் அருகே வந்தாள்.

"போன வருசம் ஸ்டெல்லா மாசமா இருக்கும்போதும் இதே நாற்காலியத்தான் போட்டாவ."

"பெறவு?"

"உக்காந்தா. வேல நேரத்துல உக்காந்தே கெடக்கான்னு படத்தப் போட்டுக் காட்டி, வேலைய விட்டு அனுப்பிட்டாவ."

மத்தியானத்துக்குள் ஜெசிந்தாவுக்குக் கால் வீங்கிவிட்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகூர்த்தப் புடவை எடுக்க வந்த ஒரு அம்மாள் மூச்சுவாங்க, "அப்பாடா" என்று அதில் உட்காரப் போனாள். கல்லாவிலிருந்து அண்ணாச்சி ஓடி வந்தார்.

"அம்மா, நீங்க சோபாவுல உக்காருங்க. இது மாசமா இருக்க நம்ம பிள்ளைக்குன்னு போட்டது."

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்படி ஒரு முதலாளி யாருக்குக் கெடைப்பாரு! உக்காரு தாயி" என்று ஜெசிந்தாவின் இரண்டு தோள்களையும் பிடித்து அழுத்தினாள்.

அண்ணாச்சி சிரித்தபடியே ஒரு தரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.